நீண்ட நாள் நின்ற 8வி-71 லாரியை எழுப்புவது: நிறுத்தும் வழி முதலில், சாவி கடைசியில்

டாடா, லேலண்ட் இன்ஜினில் கை தேர்ந்த மெக்கானிக்தான் டெட்ராய்ட் டீசல் என்ற அமெரிக்க இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினைச் சீக்கிரம் கெடுப்பார். நாலு ஸ்ட்ரோக்கில் சரியாக இருக்கும் ஆயில், ஓட்டும் விதம், நிறுத்தும் விதம் மூன்றுமே இதில் தப்பு. பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ 900, ஜி.எம்.சி. ஆஸ்ட்ரோ 95 போன்ற 1960, 70களின் அமெரிக்க லாரிகள் பலவற்றில் டெட்ராய்ட் டீசலின் 8வி-71 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜினும், அதன் பின்னால் ஃபுல்லர் ரோட்ரேஞ்சர் கியர்பாக்ஸும், இரட்டை ஆக்சிலும் இருக்கும். கொட்டகையில் பல வருடம் நின்ற அப்படி ஒரு லாரியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர, எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் கீழே இருப்பது. வரிசையை மாற்றாதீர்கள். இன்ஜின் வேலைகளில் பேட்டரி மாட்டுவது ஏறக்குறைய கடைசி.

இன்னொன்று. லாரி வாங்கிய இடத்திலிருந்து இழுத்து வரும்போதே கியர்பாக்ஸைக் கொன்றுவிடுகிறவர்கள் உண்டு. ஃபுல்லர் பாக்ஸில் ஆயிலை வாரி இறைப்பது, இன்ஜினோடு சுற்றும் பக்கத் தண்டுகளான கவுண்டர் ஷாஃப்ட்கள். இன்ஜின் ஓடாமல் பின் சக்கரம் மட்டும் உருண்டால் அதோடு இணைந்த நடுத்தண்டான மெயின் ஷாஃப்ட் சுற்றும், கவுண்டர் ஷாஃப்ட் நின்றிருக்கும். மெயின் ஷாஃப்ட் கியர்கள் காய்ந்த நிலையில் உரசி எரிந்துபோகும். நியூட்ரலில் போட்டால் போதும் என்று நினைப்பது தவறு. ஆக்சில் ஷாஃப்ட்களை உருவுங்கள், அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகே இழுவை வண்டியில் கட்டுங்கள்.

இன்ஜின் எப்படி வேலை செய்கிறது, ஏன் பயப்பட வேண்டும்

71 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். போர் 4.25 அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம். எட்டு சிலிண்டருக்கு 568 கன அங்குலம், சுமார் 9.3 லிட்டர். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த வரிசையை 1938-இல் கொண்டுவந்தது. 8வி-71என் என்ற சாதாரண வடிவம் 2100 ஆர்.பி.எம்.மில் 318 குதிரைத்திறன் தரும். பழைய டிரைவர்கள் இதை ‘318’ என்றே சொல்வார்கள்.

இதில் இன்லெட் வால்வு கிடையாது. சிலிண்டரின் உள்குழாயான லைனரின் இடுப்பில் சுற்றிலும் துளைகள் இருக்கும். மேலே உட்கார்ந்திருக்கும் ரூட்ஸ் பிளோயர் காற்றை ஏர்பாக்ஸ் என்ற அறைக்குள் தள்ளும். பிஸ்டன் கீழே போனதும் துளைகள் திறந்து, காற்று உள்ளே பாய்ந்து, எரிந்த புகையை ஹெட்டில் உள்ள எக்ஸாஸ்ட் வால்வுகள் வழியாக வெளியே தள்ளிவிடும். தனி டீசல் பம்ப், நாசில் என்று பிரிந்து கிடக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஹெட்டிலேயே யூனிட் இன்ஜெக்டர். அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ராக் என்ற பல்கம்பி உள்ளே போனால் டீசல் அதிகம், வெளியே வந்தால் குறைவு. ஒரு பக்கத்து நான்கு ராக்குகளையும் ஒரே கண்ட்ரோல் டியூப் அசைக்கும், அந்த டியூபை, ஆர்.பி.எம்.மைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அசைக்கும்.

இந்த அமைப்பில் இரண்டு ஆபத்துகள். நின்ற காலத்தில் துருவோ பிசினோ பிடித்து ஒரு ராக் முழு டீசல் நிலையில் சிக்கிக்கொண்டால், பழைய வகை லீவரில் அது கண்ட்ரோல் டியூபையே பிடித்துவைக்கும். அப்போது அந்தப் பக்கத்தில் மற்ற மூன்றும் பின்வாங்க முடியாது, கவர்னர் இழுத்தாலும் டியூப் நகராது. இரண்டாவது, பிளோயர் சீல் போய் ஏர்பாக்ஸில் ஆயில் தேங்கினால், இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். டீசலை மூடினாலும் நிற்காது. இரண்டிலும் சில வினாடிகளில் ஆர்.பி.எம். எல்லை தாண்டி, கனெக்டிங் ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சாவியைக் கடைசிக்குத் தள்ளுவதற்குக் காரணம் இதுதான்.

ஏர்பாக்ஸை எட்டிப் பாருங்கள்

பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கைத்துளை மூடிகளைக் கழற்றுங்கள். ஹெட்டைத் தூக்காமலேயே லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் தெரிகிற வசதி நாலு ஸ்ட்ரோக் லாரி இன்ஜினில் இப்படிக் கிடையாது. இதைப் பார்க்காமல் இன்ஜினுக்கு விலை பேசுவதே வீண். கிராங்க் முன் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருப்புங்கள். எதிர்ச்சுற்றில் திருப்பினால் போல்ட் தளர்ந்துபோக வாய்ப்பு உண்டு. திருப்பும்போது எங்காவது முட்டினால் பலம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம்.

டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியவை: லைனர் சுவரில் குறுக்குக் கோடுகள் தெரிகிறதா, மேலிருந்து கீழாகக் கீறல் இருக்கிறதா. ரிங் துளைக்கு எதிரே வரும்போது மழுங்கிய மரக்குச்சியால் அழுத்துங்கள். ஸ்பிரிங் போல உள்ளே போய்த் திரும்பி வந்தால் உயிரோடு இருக்கிறது. அசையாமல் கல்லாக இருந்தால் கரி பிடித்து ஒட்டிவிட்டது. ஏர்பாக்ஸ் தரையில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது இந்த இன்ஜினுக்கு இயல்பு. குளமாக நின்றால் இயல்பு இல்லை. தண்ணீர் தெரிந்தால் அதன் காரணம் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஏர்பாக்ஸிலிருந்து கீழே வரும் டிரெயின் குழாய்களைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஓடும்போது இவற்றின் வழியாகக் காற்று வீசிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டுகிறதே என்று யாராவது முனையை அடைத்து வைத்திருப்பார்கள். இன்ஜின் அடங்காமல் வேகம் ஏறி ஓடும் ‘ரன்அவே’ ஆவதற்கு அதைவிட நேரான வழி கிடையாது. பிளோயர் ரோட்டர்களையும் மேல் வாயைத் திறந்து பாருங்கள். ஓரத் தகட்டில் ஷாஃப்ட்டிலிருந்து வெளிப்பக்கமாக ஈரக் கோடுகள் ஓடியிருந்தால் சீல் போய்விட்டது. அதைச் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்வது சூதாட்டம்.

ராக்குகள்

இரண்டு ராக்கர் கவரையும் கழற்றுங்கள். கவர்னரிலிருந்து வரும் இணைப்புக் கம்பியைப் பிரித்துவிட்டு, கண்ட்ரோல் டியூபைக் கையால் முழு டீசல் பக்கம் தள்ளி விடுங்கள். டியூப் தன் ஸ்பிரிங்கில் தானாகவே திரும்பி வர வேண்டும். கொஞ்சம் தயங்கினாலும் போதாது. தயங்கினால் லீவர்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த இன்ஜெக்டர் என்று கண்டுபிடியுங்கள். டீசலும் ஊடுருவும் எண்ணெயும் ஊற்றி ஒரு நாள் விட்டால் சிலது விடும். விடாததை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். அந்த இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்கள். எட்டும் பூப்போல அசையும்வரை இந்த இடத்தைத் தாண்டக் கூடாது.

கவர் திறந்திருக்கும்போதே ஹெட்டுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே வளைந்து போகும் சிறு டீசல் குழாய்களைக் கவனியுங்கள். இவை ராக்கர் கவருக்குள் இருப்பதால் கசிந்தால் வெளியே தெரியாது. டீசல் நேராக ஆயில் சம்ப்புக்குப் போகும். நட்டுகளை 12 முதல் 15 அடி-பவுண்டுக்குள் இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் முனை விரிந்து பிளந்துவிடும். ஆயில் அளவு தானாக ஏறுகிறது, டிப்ஸ்டிக்கில் டீசல் வாசம் அடிக்கிறது என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். நீர்த்த ஆயிலில் ஒரு பயணம் போனால் மெயின் பேரிங் போய்விடும்.

டேப்பெட்டும் இன்ஜெக்டர் உயரமும்

ஒரே ராக்கர் வரிசையில் ஒரு சிலிண்டருக்கு மூன்று கைகள். வெளிப்பக்கம் இரண்டும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு, நடுவில் இருப்பது இன்ஜெக்டருக்கு. நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றுதான்: இன்ஜெக்டரின் ஃபாலோயர் (ராக்கர் அழுத்தும் மேல்முனை) முழுதாகக் கீழே அழுந்தியிருக்கும்போது அந்த சிலிண்டரின் வால்வு இடைவெளி, வால்வுகள் முழுதாகத் திறந்திருக்கும்போது அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் உயரம்.

நான்கு வால்வு ஹெட்டில் குளிர்ந்த இன்ஜினுக்கு 0.016 அங்குலம், சூடான இன்ஜினுக்கு 0.014 அங்குலம். லாக்நட்டுக்கு அரை அங்குல ஸ்பேனர், புஷ்ராடின் சதுர முனைக்கு 5/16. புஷ்ராடைத் திருகித்தான் இடைவெளி வைக்க வேண்டும், டாடாவில் போல ஸ்க்ரூ கிடையாது. ராக்கர் பிராக்கெட்டைக் கழற்றி மாட்டியிருந்தால், திருப்புவதற்கு முன் ஒவ்வொரு புஷ்ராடையும், அது திருகி ஏறும் கவையான கிளெவிஸின் உள்விளிம்போடு சமமாகும்வரை திருகி வையுங்கள். அப்படிச் செய்யாமல் கிராங்கைத் திருப்பினால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம்.

இன்ஜெக்டர் உயரத்துக்குத் தனி கேஜ் உண்டு. 1.460 அங்குல கேஜ்தான் அதிகம் பயன்படுவது. சில இன்ஜின்களுக்கு 1.484. உங்களுடையது எது என்பது ராக்கர் கவரில் உள்ள தகட்டையும் இன்ஜெக்டரின் எண்ணையும் பொறுத்தது, ஊகிக்காதீர்கள். கேஜின் சிறு முள்ளை இன்ஜெக்டர் மேலுள்ள துளையில் இறக்கி, தலையைச் சுழற்றும்போது அது ஃபாலோயரின் மேல் முகத்தில் உள்ள ஆயில் படலத்தை மட்டும் துடைத்துக்கொண்டு போக வேண்டும். தடுக்கினாலும் தப்பு, காற்றில் போனாலும் தப்பு.

வலச்சுற்று இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர்: 1 இடது, 3 வலது, 3 இடது, 4 வலது, 4 இடது, 2 வலது, 2 இடது, 1 வலது. இடது வலது என்பது ஃபிளைவீல் பக்கம் நின்று முன்னே பார்க்கும்போது. ரேடியேட்டர் பக்கம் நின்று எண்ணினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

இவை முடிந்தபின் கவர்னர் இடைவெளி, ராக்குகளின் சமநிலை, அதிகபட்ச ஆர்.பி.எம்., ஐட்லிங், கடைசியாக ஐட்லிங் ஆட்டத்தை அடக்கும் பஃபர் ஸ்க்ரூ என்ற வரிசை. ராக் வைக்கும்போது பஃபர் ஸ்க்ரூ உள்ளே அழுந்தியிருக்கக் கூடாது. முதலிலேயே வெளியே திருகிவிடுங்கள்.

டீசலும் ஆயிலும்

டேங்கை முழுதாகக் காலிசெய்து கழுவுங்கள். இரண்டு ஃபில்டரையும் புதிதாகப் போட்டு, கிண்ணத்தில் சுத்தமான டீசலை ஊற்றியே மாட்டுங்கள். இந்த இன்ஜினில் டீசல் ஹெட் வழியாகச் சுற்றி மீண்டும் டேங்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜெக்டரைக் குளிர்விப்பதும் அந்த ஓட்டம்தான். திரும்பும் குழாயின் வாயில், நடுத்துளை மிகச் சிறியதான ஒரு முழங்கை இணைப்பு இருக்கும், அதன் மேல் ‘ஆர்’ என்று முத்திரை; 80 என்றால் துளை 0.080 அங்குலம். பார்க்கச் சாதாரண எல்போ மாதிரியே இருப்பதால், எப்போதோ யாரோ அதைத் தூக்கிப்போட்டு கடை எல்போவை மாட்டியிருப்பார்கள். அப்புறம் ஹெட்டில் டீசல் அழுத்தம் நிற்காது. லாரி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று இன்ஜெக்டர் எட்டையும் மாற்றிப் பார்த்தவர்களுக்குக் கடைசியில் இந்தச் சின்ன எல்போதான் காரணமாக இருந்திருக்கிறது.

ஓட ஆரம்பித்தபின் திரும்பும் குழாயை ஒரு வாளி டீசலில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று இழுக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், முதல் ஃபில்டரின் கேஸ்கெட் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஆயில் எஸ்.ஏ.இ. 40, ஒற்றை கிரேடு, ஏ.பி.ஐ. சி.எஃப்-2 தரம், சல்ஃபேட்டட் ஆஷ் (எரிந்தபின் மிஞ்சும் சாம்பல்) ஒரு சதவீதத்துக்குக் கீழே. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 15டபிள்யூ-40 ஊற்றாதீர்கள். இதில் ரிங் ஒவ்வொரு சுற்றிலும் லைனர் துளைகளின் விளிம்பைத் தாண்டிப் போகிறது. அந்தச் சூட்டிலும் உரசலிலும் தாங்குவது கனமான ஒற்றை கிரேடுதான். ஆஷ் அதிகமானால் எக்ஸாஸ்ட் வால்வில் படிந்து, வால்வு எரியும்.

முதல் ஸ்டார்ட்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேபினில், இன்னொருவர் இன்ஜினின் காற்று வாயருகில்.

பிளோயருக்கு மேலே உள்ள காற்று வாயில் எமர்ஜென்சி ஃபிளாப் இருக்கும். அதைக் கையால் பல முறை அடித்துப் பாருங்கள். முழுதாக மூடுகிறதா, ஓர ரப்பர் இருக்கிறதா, கேபின் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா. அது எல்லாம் சரியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். ஏர் ஹோஸைக் கழற்றி, வாயைவிடப் பெரிய முக்கால் அங்குல பிளைவுட் பலகை ஒன்றைக் கைப்பிடியோடு தயாராக வையுங்கள். துணி, சாக்கு, உள்ளங்கை எதுவும் கூடாது. துணியை உறிஞ்சி ரோட்டரில் சுற்றிக்கொள்ளும், கையை வைத்தால் கை போய்விடும். ஃபிளாப்பை அன்றாடம் நிறுத்தப் பயன்படுத்துவதும் தவறு. அது மூடும்போது உண்டாகும் வெற்றிடம் பிளோயர் சீல் வழியாக ஆயிலை உள்ளே இழுக்கும். வழக்கமாக நிறுத்துவது கவர்னரின் ஸ்டாப் லீவரில்தான்.

ராக்கர்கள் மேல் ஆயிலைத் தாராளமாக ஊற்றுங்கள். முடிந்தால் மெயின் கேலரியின் பிளக்கைக் கழற்றி, கைப்பம்பு வைத்து ஆயிலை அழுத்தத்தில் ஏற்றுங்கள். பிறகு ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்தபடி, ஒரு தடவைக்கு 30 வினாடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். நடுவே இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். ஆயில் கேஜ் முள் அசைந்த பிறகே ஸ்டாப்பை விட வேண்டும்.

பிடித்தவுடன் ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதீர்கள். 15 வினாடிக்குள் ஆயில் அழுத்தம் காட்டவில்லை என்றால் நிறுத்துங்கள். ஆர்.பி.எம். தானாக ஏறிக்கொண்டே போனால் பலகை போடுகிறவர் உத்தரவுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே மூட வேண்டும். முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அலறும்போது சொல்வது காதில் விழாது.

சூடானபின் 2100 ஆர்.பி.எம்.மில் 50 முதல் 70 பி.எஸ்.ஐ. ஆயில் அழுத்தம் வந்தால் நலம், 30-க்குக் கீழே போனால் ரோட்டுக்குப் போகாது. நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டால் எக்ஸாஸ்ட் குழாயில் கருப்பாக ஈரம் வழியும். எரியாத டீசலும் ஆயிலும்தான் அது. லோடு ஏறி நன்றாக ஓடினால் நின்றுவிடும். ரிங் போய்விட்டது என்று அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்.

கிளட்ச்

பல வருடம் அழுந்தி நின்ற பிளேட் ஃபிளைவீலில் ஒட்டியிருக்கும். பெடலை முழுதாக அழுத்தி, மரக்கட்டை முட்டுக்கொடுத்து ஓரிரு நாள் விட்டால் பல சமயம் தானாகப் பிரியும்.

ரோட்ரேஞ்சருடன் பெரும்பாலும் வருவது இழுக்கும் வகை கிளட்ச். அதற்கு அளவு இரண்டு. ரிலீஸ் பேரிங்குக்கும் கியர்பாக்ஸ் பக்கத்துக் கிளட்ச் பிரேக்குக்கும் நடுவே அரை அங்குலம். ஃபோர்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே 1/8 அங்குலம். முதல் அளவை கிளட்சின் அட்ஜஸ்டிங் ரிங்கைத் திருப்பித்தான் வைக்க வேண்டும், அதுவும் ஒருவர் பெடலை மிதித்திருக்கும்போது. இரண்டாவதை மட்டும் வெளி லிங்கேஜில் வையுங்கள். எல்லாவற்றையும் லிங்கேஜிலேயே சரிக்கட்டினால் பெடல் நன்றாக இருப்பது போலத் தெரியும், கிளட்ச் பிரேக் மட்டும் வேலை செய்யாது, முதல் கியர் கரகரவென்று அலறும்.

கிளட்ச் பிரேக் என்பது பெடலின் கடைசி ஒரு அங்குலத்தில் மட்டும் வேலை செய்யும் ஒரு சின்னத் தகடு. நிற்கும் லாரியில் முதல் கியரோ ரிவர்ஸோ போட, சுற்றிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட்டை நிறுத்துவது அதன் வேலை. ஓடும் லாரியில் பெடலை அடிவரை மிதித்தால் அதன் காதுகள் உடைந்து பெல் ஹவுசிங்குக்குள் விழும். கார் பழக்கத்தில் வந்தவர்கள் எல்லோரும் இதை ஒன்றாவது உடைப்பார்கள்.

ரோட்ரேஞ்சர்

தகட்டில் உள்ள பெயரைப் படியுங்கள். ஆர்.டி. 910, ஆர்.டி.ஓ. 9513, ஆர்.டி.ஓ. 12513 போல இருக்கும். டி என்றால் இரட்டைக் கவுண்டர் ஷாஃப்ட், ஓ இருந்தால் ஓவர்டிரைவ், கடைசி இரண்டு இலக்கம் கியர் எண்ணிக்கை.

பழைய ஆயிலை வடித்து, பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். மாவு போல இரும்புத் தூள் இருந்தால் வயதுக்கு நியாயம். நகத்தளவு துண்டு இருந்தால் மேல் கவரைத் தூக்கியாக வேண்டும். பால் நிறமாக வந்தால் தண்ணீர். நிரப்பும்போது எஸ்.ஏ.இ. 40 அல்லது 50 கனரக இன்ஜின் ஆயில், அல்லது இ.பி. என்ற அதீத அழுத்தச் சேர்மானம் இல்லாத வெறும் மினரல் கியர் ஆயில். ஆக்சிலுக்கு வாங்கிய, இ.பி. சேர்த்த ஜி.எல்-5 கியர் ஆயில் மீதம் இருக்கிறதே என்று இதில் ஊற்றுவதுதான் பரவலான தப்பு. நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழிய வேண்டும். விரலை விட்டால் தொடுகிறது என்பது கணக்கில்லை. விரல் தொடும் அளவுக்கும் துளை விளிம்புக்கும் நடுவே லிட்டர் கணக்கில் குறையலாம்.

பாக்ஸைப் பிரித்துக் கோர்க்க நேர்ந்தால் உயிர்நாடி டைமிங். சுமை இரண்டு கவுண்டர் ஷாஃப்டிலும் சமமாகப் பிரிய வேண்டும், ஒரு பல் பிசகினாலும் ஒன்று மட்டும் முழுச் சுமையைத் தாங்கி உடையும். செய்முறை இது: டிரைவ் கியரில் ஏதாவது அடுத்தடுத்த இரண்டு பல்லில் பெயிண்ட் அடையாளம் வையுங்கள். அதற்கு நேரெதிரே, 180 டிகிரியில் உள்ள இரண்டு பல்லிலும் வையுங்கள். இரு பக்கமும் நடுவே உள்ள பற்களை எண்ணிச் சமம் என்று உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு கவுண்டர் ஷாஃப்டின் டிரைவ் கியரிலும் கீவேக்கு நேராக உள்ள ஒரு பல்லில் அடையாளம். கோர்க்கும்போது ஒற்றைப் பல் இரட்டைப் பற்களின் நடுவே விழ வேண்டும், இரு பக்கமும். பின்னால் உள்ள ஆக்சிலரி பகுதிக்கும் தனியாக இதே முறை. மாட்டி முடித்ததும் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். எங்கேயாவது இறுகினால் அடையாளத்தை மறுபடி பாருங்கள், ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்பது இங்கே நடக்காது.

மெயின் ஷாஃப்ட் கியர்கள் மிதப்பவை, பக்கவாட்டு இடைவெளியை வாஷர் மாற்றி வைக்கிறோம்: முன்னோக்கும் கியர்களுக்கு 0.005 முதல் 0.012 அங்குலம்.

கியர் தானாக நழுவி வந்தால் உடனே பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள். ஃபிளைவீல் ஹவுசிங்கின் முகத்திலும் உள்வட்டத்திலும் டயல் வைத்துப் பாருங்கள், 0.008 அங்குலத்துக்கு மேல் ஆடினால் இன்ஜினும் பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பைலட் பேரிங்கும் சந்தேகத்துக்கு உரியது. அதன்பிறகுதான் தேய்ந்த கிளட்ச் பற்களும், மேல் கவரில் தளர்ந்த டிடென்ட் ஸ்பிரிங்கும்.

லோ, ஹை என்ற இரண்டு கியர் தொகுதிகளுக்கு நடுவே மாறும் ரேஞ்ச் மாற்றம் காற்றழுத்தத்தில் நடக்கிறது. ரெகுலேட்டருக்குப் பின் 57.5 முதல் 62.5 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். குறைந்தால் ரேஞ்ச் மெதுவாக மாறும், கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோனைசர் தேயும். ரேஞ்ச் சிலிண்டரின் ஓ-ரிங் போனால் காற்று பாக்ஸுக்குள் போய், பிரீதர் வழியாகவோ பின் சீல் வழியாகவோ ஆயிலைத் தள்ளும். பின் சீலை மாற்றிய மறுவாரமே மறுபடி ஒழுகினால் காரணம் அங்கே தேடுங்கள்.

ஓட்டும் விதம்

முன் பகுதியில் சிங்க்ரோ கிடையாது. மேலே போக: ஆக்சிலரேட்டரை விட்டு, கிளட்சைப் பாதி மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு, ஆர்.பி.எம். விழும்வரை பொறுத்து, மறுபடி பாதி மிதித்து அடுத்த கியர். பத்து கியர் பாக்ஸில் படிக்குப் படி விகிதம் சுமார் 1.3, அதனால் 2100-இல் எடுத்தால் 1600 அருகே விழ வேண்டும். கீழே இறங்க அதே கணக்கு தலைகீழ்: நியூட்ரலில் கிளட்சை விட்டு 500 ஏற்றிக்கொண்டு போடுங்கள்.

ரேஞ்ச் பட்டனை லீவரை நகர்த்துவதற்கு முன்பே மாற்றி வையுங்கள். லீவர் நியூட்ரலைக் கடக்கும்போது பாக்ஸ் தானாக மாறிக்கொள்ளும். வேகத்தில் ஹையிலிருந்து லோவுக்குத் தட்டினால், அல்லது ரிவர்ஸில் போகும்போது தட்டினால், சிங்க்ரோனைசர் செலவு நிச்சயம்.

இன்ஜினை 1500-க்குக் கீழே லோடில் இழுக்க விடாதீர்கள். நாலு ஸ்ட்ரோக்கில் மிச்சம் பிடிக்கிற ஓட்டம் இதில் சூட்டையும் கரியையும் கொடுக்கும். 1800 முதல் 2100 வரை கத்திக்கொண்டு ஓடுவதே இதன் ஆரோக்கியம். ‘ஸ்க்ரீமிங் ஜிம்மி’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

சில லாரிகளில் ஐந்து கியர் மெயின் பாக்ஸும் நான்கு கியர் ஆக்சிலரி பாக்ஸும் தனித்தனியாக, இரண்டு லீவரோடு இருக்கும். அவற்றில் நடுவே உள்ள குட்டி ஷாஃப்டின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் கோர்க்கப்பட்டிருக்க வேண்டும், இரு முனைக் கோணமும் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும். மாறிக் கோர்த்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கேபின் முழுக்க அதிரும்.

ஆக்சிலும் சக்கரமும்

கிரவுனில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள்: 37, 9 என்றால் கிரவுன் பல் 37, பினியன் பல் 9, விகிதம் 4.11. பத்து அங்குல அகல 20 அங்குல டயர் மைலுக்குச் சுமார் 500 சுற்று சுற்றும். டைரக்ட் கியரில் 2100 ஆர்.பி.எம். என்றால் மணிக்கு 60 மைலைச் சற்றுத் தாண்டும், அதாவது 100 கிலோமீட்டர் அருகே. அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் ஓவர்டிரைவ் பாக்ஸ்தான்.

ஆக்சில் ஷாஃப்டை உருவ, ஃபிளேஞ்சின் நட்டுகளைக் கழற்றியபின் ஸ்டட்களைச் சுற்றிப் பிளவுபட்ட கூம்பு வளையங்கள் இறுகியிருக்கும். ஃபிளேஞ்சின் நடுவில் பித்தளைச் சம்மட்டியால் ஓங்கி ஒன்று போட்டால் குதித்து வெளியே வரும். இரும்புச் சம்மட்டியால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் படும்.

வீல் பேரிங் வைக்கும் முறை: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 200 அடி-பவுண்டுக்கு இறுக்குங்கள். ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். மறுபடி சுற்றிக்கொண்டே 50-க்கு இறுக்குங்கள். பிறகு நட்டின் வகையைப் பொறுத்து கால் முதல் மூன்றில் ஒரு சுற்று வரை தளர்த்தி, வெளி நட்டைப் பூட்டுங்கள். கடைசியில் டயல் வைத்து ஆட்டம் 0.001 முதல் 0.005 அங்குலத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பக்குவத்தில் வைத்த பேரிங் ஒரு லோடுக்குத் தாங்கும், பத்துக்குத் தாங்காது.

ஹப்புக்கு ஆயில் ஆக்சிலுக்குள்ளிருந்து வருகிறது. ஹப்பைப் பிரித்து மாட்டியபின் அது காலியாக இருக்கும். ஆக்சிலுக்கு ஜி.எல்-5 ஊற்றி, ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஆயில் மறுபக்க ஹப்புக்கு ஓட விடுங்கள், பிறகு மறுபக்கம், பின் மட்டத்தில் வைத்து அளவைச் சரிசெய்யுங்கள். இதை மறந்தால் முதல் பயணத்திலேயே பேரிங் நீலம் பாயும். பிரீதர் அடைத்திருந்தால் புது சீலும் ஒழுகும்.

இரண்டு பின் ஆக்சிலையும் ஒன்றாகப் பூட்டும் இன்டர்ஆக்சில் லாக்கை சக்கரம் வழுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள். நின்று போடுங்கள், சேற்றைத் தாண்டியதும் எடுங்கள். பக்கத்துப் பக்கத்து டயர்களின் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஜோடி மாற்றுங்கள்.

20 அங்குல ரிம்களில் பல துண்டு ரிம் இருக்கும். நெடுநாள் நின்று காற்று இறங்கிய டயரை அப்படியே நிரப்பாதீர்கள். உரிய அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கியிருந்தால் முழுதாகக் காலிசெய்து, கழற்றி, வளையங்களில் துரு, வளைவு பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்து நிரப்ப வேண்டும். ஆர்.எச்.-5 டிகிரி என்ற நடுவில் பிரியும் ரிம் கண்ணில் பட்டால் அதை நிரப்பவே வேண்டாம், வெட்டிப் பழைய இரும்பில் போடுங்கள்.

இரட்டை டிஸ்க் வீலில், பந்து முக நட்டு வகைக்கு, உள் கேப் நட்டு, வெளி நட்டு இரண்டும் 450 முதல் 500 அடி-பவுண்டு. இடது பக்கம் இடமரை, ஸ்டட்டில் ‘எல்’ அடித்திருக்கும். தெரியாமல் இறுக்கும் பக்கமே தளர்த்தப் பார்த்து ஸ்டட்டை முறிப்பார்கள். முதல் 50 முதல் 100 மைலுக்குப் பின் நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒன்றாக வெளி நட்டுகளைத் தளர்த்தி, உள் நட்டை இறுக்கி, வெளி நட்டை மறுபடி இறுக்குங்கள். பிறகு மீதி நட்டுகள். வெளி நட்டை மட்டும் மேலோட்டமாக இறுக்கினால் உள் டயர் தளர்ந்திருப்பது தெரியவே தெரியாது. அதே நிறுத்தத்தில் ஒவ்வொரு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி பிரித்துப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.